புதன்கிழமைக் குற்றவாளி

8 மார்ச்

மாப்பிள்ளைக்கு,

என் தங்கை சின்னவளைக் கட்டிய நாளிலிருந்து உங்களை இப்படித்தான் கூப்பிடுகிறேன். இனிமேல் வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை, அதனால் இதுவே இருக்கட்டும்.

சின்னவள் என் வீட்டில்தான் இருக்கிறாள். சாப்பிடு என்றால் சாப்பிடுகிறாள், படு என்றால் படுக்கிறாள். உங்களையோ என்னையோ நாலு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை, வாயே திறப்பதில்லை. உங்களுக்கு எத்தனையோ தடவை போன் அடித்துவிட்டேன். நீங்கள் எடுக்கவில்லை. தப்புச் செய்தவன் போனை எடுக்கமாட்டான் என்று நான் புரூஃப் பார்க்கிற மர்ம நாவல்களில் மாதாமாதம் வருகிறது. மெசேஜ் அனுப்பலாம்தான், ஆனால் சின்னவள் என் போனைப் பிடுங்கிப் பார்ப்பாள். அதனால்தான் இந்தக் கடிதம். பதில் போடுவதென்றால் என் அச்சகத்தின் முகவரிக்குப் போடுங்கள்.

சனிக்கிழமை நடந்ததில் என் பங்கை நான் மறுக்கவில்லை. வாராவாரம் உங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து அந்தத் துப்பறியும் தொடரைப் பார்ப்போம். கடைசி விளம்பர இடைவேளையில் ஒவ்வொருவராக எழுந்து, டிவி பக்கத்தில் நின்று, கொலைகாரன் யார், எப்படித் தெரிந்தது என்று சொல்ல வேண்டும். நம் மூன்று பேருக்கும் அது சட்டம். போட்டவளும் நான்தான். அன்றைக்கு என் முறை வந்தபோது தொடரை விட்டுவிட்டு உங்களைப் பிடித்துக்கொண்டேன். சித்தி வேறு வந்திருந்தார். "புதன்கிழமை புதன்கிழமை லீவு போட்டுட்டு எங்க போறீங்கன்னு எனக்குத் தெரியும். நீலக் கோட்டு போட்ட ஒருத்தி உங்க முகத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நின்னதை பஸ்ல இருந்து என் கண்ணால பார்த்தேன். இல்லைன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்றேன். அப்படி எழுந்து நின்று சொல்வது எனக்குப் பிடித்திருந்தது. இப்போது அதை எழுதும்போது கூசுகிறது.

நீங்கள் சிரித்தீர்கள். தலையை ஆட்டி, "ஆமாக்கா, நீங்க சொன்னதுதான் சரி" என்றீர்கள். சித்தி வாயைப் பொத்திக்கொண்டார். சின்னவள் உள்ளே போய்ப் பையை எடுத்தாள்.

அந்தச் சிரிப்புதான் என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது. கையும் களவுமாக மாட்டிக்கொண்டவன் அழுவான், கத்துவான், கதவைப் பார்த்து ஓடுவான். எந்தக் கதையிலும் எவனும் அப்படிக் குழந்தை மாதிரி சிரித்ததில்லை. அவள் யார்? அதை மட்டுமாவது எழுதுங்கள்.

அக்கா

12 மார்ச்

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் சொன்னது சொன்னபடியே இருக்கட்டும். அவள் யார் என்று தெரிந்து யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

சின்னவளின் தடிப் போர்வையும் படிக்கிற கண்ணாடியும் இங்கேயே கிடக்கின்றன. சித்தியிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். பச்சைத் தண்ணீரில் தலைக்குக் குளிக்க விடாதீர்கள், அவளுக்கு உடனே சளி பிடிக்கும். அவள் பாதியில் விட்டுப்போன நாவலையும் வைத்திருக்கிறேன். முடிவைத் திருட்டுத்தனமாகப் படிக்கக் கூடாது என்று கடைசி அத்தியாயத்தில் நீங்கள் மாட்டிய கொண்டை ஊசியை நான் எடுக்கவில்லை.

என்னைக் கெட்டவன் என்று நினைத்துக்கொண்டு அவள் நிம்மதியாக இருந்தால் சரி. இனிமேல் எழுத வேண்டாம்.

மாப்பிள்ளை

15 மார்ச்

மாப்பிள்ளைக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை அச்சுக்குப் போகிற பக்கத்தைப் போலத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். வேறொருத்தியோடு சுற்றுகிறவன் கட்டியவளின் சளியைப் பற்றிக் கவலைப்படுவானா என்று தோன்றியது. நேற்று அதே பஸ்ஸில் ஏறி அன்றைக்கு உங்களைப் பார்த்த ஜன்னலுக்கு எதிரே இறங்கினேன். கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனேன். அன்றைக்கு பஸ்ஸை விட்டு இறங்கி இந்தப் பத்தடி நடந்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. வாசலில் போர்டு இருந்தது. காது, மூக்கு, தொண்டை என்று இருந்தது. உள்ளே நீலக் கோட்டுக்காரி ஒரு கிழவரின் முகத்தைத் திருப்பிப் பிடித்து, அவர் காதுக்குள் டார்ச் அடித்துக்கொண்டிருந்தாள்.

மறுபடியும் உங்களை வேவு பார்த்துவிட்டேன். புத்தி போகவில்லை.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். நீங்கள் எப்போதும் சோபாவின் இடது ஓரத்தில்தான் உட்காருவீர்கள். எழுத்து ஓடுகிற படமாகப் போடச் சொல்வீர்கள். கூப்பிட்டால் திரும்பமாட்டீர்கள், சின்னவள் அதைத் திமிர் என்பாள். கொலைகாரனை ஒரு தடவைகூடச் சரியாகச் சொன்னதில்லை. முறைத்த முகமாகப் பார்த்து ஒருவரைக் கைகாட்டுவீர்கள். "தப்புத்துப்பு" என்று உங்களுக்குப் பட்டப்பெயர் வைத்து விழுந்து விழுந்து சிரித்தேனே, நான்! எல்லாத் துப்பும் என் மூக்குக்கு நேரே கிடந்தது. குற்றவாளியைத் தேடியே பழகிய கண்ணுக்கு ஒரு நோயாளி தெரியவில்லை.

அன்றைக்கு விளம்பரம் அலறிக்கொண்டிருந்தது. நான் டிவி வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி நின்றேன். என் உதடுகூட உங்களுக்குத் தெரிந்திருக்காது. நான் என்ன கேட்டேன் என்றே தெரியாமல்தான் தலையை ஆட்டினீர்களா? இல்லையென்றால் இல்லை என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். உங்கள் காலில் விழுகிறேன்.

அக்கா

19 மார்ச்

அக்காவுக்கு,

இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

ஆமாம். நீங்கள் கொலைகாரன் பெயரைச் சொல்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன். நீங்கள் சொன்னால் எப்போதும் சரியாகத்தான் இருக்கும், அதனால் சரி என்றேன். சித்தி வாயைப் பொத்தியதும் கதை அவ்வளவு பயங்கரமா என்று நினைத்துக்கொண்டேன். சின்னவள் பையோடு என்னைத் தாண்டிப் போனபோதுதான் ஏதோ விபரீதம் என்று புரிந்தது. என்ன நடந்தது என்பது மறுநாள் சித்தி வீட்டுக்குப் போய், அவர் என் சட்டையைப் பிடித்து முகத்துக்கு நேரே கேட்டபோதுதான் தெரியும்.

அப்போதே சொல்லியிருக்கலாம். "எனக்குக் காது கேக்காது சித்தி" என்று நான்கே வார்த்தை. வாய் வரை வந்தது. ஆனால் சித்தியிடம் சொன்னால் சின்னவளுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியும், துறைமுகத்துக்கும் தெரிந்துவிடும். நான் கிரேன் ஓட்டுகிறவன். கீழே சைகை காட்டுகிறவரின் கையைப் பார்த்தும், அவர் வாக்கிடாக்கியில் சொல்வதைக் கேட்டும்தான் கண்டெய்னர் பெட்டியைத் தூக்க வேண்டும், இறக்க வேண்டும். ஒன்றரை வருஷமாகக் கையை மட்டும் பார்த்து ஓட்டுகிறேன். வாக்கிடாக்கியில் வருவது எனக்குக் கொதிக்கிற சட்டியின் சத்தம் மாதிரி.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் இது பாதி உண்மைதான். சட்டி பொங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தேன். சைகைக்காரர் இரண்டு கையிலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்து வாயைத் திறந்தார். கொட்டாவி விடுகிறார் என்று நினைத்தேன். அவர் தோளில் மாட்டிய வாக்கிடாக்கி மைக்கில் நிறுத்து என்று கத்தியிருக்கிறார். பெட்டிக்கு அடியில் ஒருவர் குனிந்து கட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். வேறொருவர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துப்போட்டதால் தோளில் சிராய்ப்போடு போயிற்று. வாக்கிடாக்கி ரேடியோவில் கோளாறு என்று நான் சொன்னேன். எல்லாரும் நம்பினார்கள். ரேடியோ கொடுத்த பையனுக்குத் திட்டு விழுந்தது. அதற்குப் பிறகுதான் புதன்கிழமைகளில் அந்த நீலக் கோட்டு டாக்டரம்மாவைப் பார்க்கப் போக ஆரம்பித்தேன். கருவி வைத்தால் பேச்சு கேட்கும், ஆனால் கிரேன் ஓட்டத் தகுதிச் சான்று எழுதித்தர முடியாது என்று சொல்லிவிட்டார். கருவி டப்பாவோடு அலமாரியில் இருக்கிறது. மறுநாளும் கிரேனில் ஏறினேன். இன்றைக்கும் ஏறினேன்.

பெண் விஷயம் என்றால் ஊர் திட்டும். செவிடன் என்றால் ஊர் சிரிக்கும். திட்டைத் தாங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். எங்கள் அப்பாவுக்கும் இதே வியாதி. அவரைத் தெருவில் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அவர் காதில் மட்டும்தான் அது விழவில்லை.

இது உங்களோடு இருக்கட்டும். சின்னவளிடம்கூடச் சொல்லாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

மாப்பிள்ளை

21 மார்ச்

மாப்பிள்ளைக்கு,

கடிதத்தை அச்சகத்தில் படித்தேன். கம்போசிங் பெண் வந்து "என்னக்கா, கதை ரொம்ப சோகமா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நான் உங்களை வேவு பார்த்தது சின்னவள் மேல் உள்ள பாசத்தால் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். சுத்தமான பொய். மாதம் நாலு நாவலில் மற்றவர்கள் கண்டுபிடிப்பதற்குக் கால்புள்ளி போட்டுக்கொண்டிருக்கிறேன், ஒரு தடவையாவது நான் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஆசை. எல்லாரையும் ஹாலில் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும் என்று ஆசை. உங்களைத் தனியாகக் கூப்பிட்டு "என்ன மாப்பிள்ளை, உடம்பு சரியில்லையா?" என்று கேட்க ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கைதட்டு கிடைத்திருக்காது. அதற்காகத்தான் கேட்கவில்லை. என் தங்கை அடுத்த அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். நான் காரணம்.

சித்தியிடம் போய், நான் பார்த்தது தப்பு, உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று சொல்லிவிட்டேன். காரணம் சொல்லவில்லை. "அப்புறம் அவன் எதுக்குத் தலையாட்டினான்? உனக்குப் பைத்தியமா, அவனுக்குப் பைத்தியமா?" என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். அவர் மறுக்கவில்லை.

ஆனால் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, ஆனாலும் சொல்கிறேன். உங்கள் ரகசியத்தை நான் யாரிடமும் சொல்லமாட்டேன். ஒருவர் விஷயத்தை இன்னொருவர் முன்னால் உடைக்கிற வேலை எனக்குப் போதும். ஆனால் அந்தப் பெட்டிக்கு அடியில் நாளைக்கும் ஒருவர் குனிவார். அவருக்கும் வீட்டில் ஒரு சின்னவள் இருப்பாள். நீங்கள் கிரேனில் இருந்து இறங்கிவிடுங்கள் மாப்பிள்ளை. நான் சொல்லி இறங்கக் கூடாது, யாரும் கண்டுபிடித்தும் இறங்கக் கூடாது. நீங்களாக இறங்குங்கள். அந்த ரேடியோப் பையன் வாங்கிய திட்டையும் நினைத்துப் பாருங்கள்.

என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கக்கூட முகம் இல்லை.

அக்கா

29 மார்ச்

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் கோபம்தான் வந்தது. வம்பை இழுத்தது யார், புத்தி சொல்வது யார் என்று கத்தினேன். வீட்டில் யாருமில்லை, எனக்கும் சரியாகக் கேட்கவில்லை.

மூன்று நாள் லீவு போட்டேன். நாலாம் நாள் காலையில் போய் ஏணியில் பாதி ஏறினேன். கீழே அந்தத் தோள் சிராய்த்தவர் நின்று எனக்குக் கை காட்டினார். பாவம், என்மேல் அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அப்படியே இறங்கினேன். மேற்பார்வையாளர் அறைக்குப் போய், காது விஷயத்தையும் அன்றைக்கு நடந்ததையும் சொன்னேன். அவர் மேஜையில் அடித்தார். ஏதேதோ கத்தினார். நிறையப் பேர் கண்ணாடிக்கு வெளியே கூடிவிட்டார்கள். அவர் வாய் போன வேகத்தில் எனக்குப் பாதிகூடப் புரியவில்லை, ஆனால் புரிந்தது போதும். ரேடியோப் பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் "பரவால்லண்ணே" என்று சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் திரும்பிக்கொண்டான். தோள் சிராய்த்தவர் மட்டும் வந்து பக்கத்தில் நின்றார்.

விசாரணை இருக்கிறது. அதுவரை கயிறு, கொக்கி எல்லாம் அடுக்கி வைக்கிற கிடங்கில் வேலை. போகிற வழியெல்லாம் யார் சிரித்தாலும் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றுகிறது. காதில் கருவியை மாட்டிவிட்டேன். தட்டை வைத்தால் இடி விழுகிறது. என் செருப்புச் சத்தமே எனக்கு யாரோ பின்னால் வருகிற மாதிரி இருக்கிறது.

சின்னவளுக்கு நான்தான் சொல்ல வேண்டும். இரண்டு தடவை உங்கள் தெரு முனை வரை வந்து திரும்பிவிட்டேன். நீங்கள் சொல்லிவிடுவீர்களா? இந்தத் தடவை நான் கேட்டுத்தான் சொல்கிறீர்கள்.

மாப்பிள்ளை

2 ஏப்ரல்

மாப்பிள்ளைக்கு,

சொல்லிவிட்டேன். எழுந்து நின்று சொல்லவில்லை. அவள் பாத்திரம் தேய்க்க, நான் துடைத்து வைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னேன்.

முதலில் சிரித்தாள். இத்தனை நாளுக்குப் பிறகு! "காதா? காதுதானா? அட மடையனே!" என்று உங்களைத்தான் சொன்னாள். என்னையும் ஈரக் கையாலேயே ஓர் அடி அடித்தாள். வாங்கிக்கொண்டேன். இதோடு சுபம், பெட்டியைக் கட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

பிறகு குழாய் ஓடிக்கொண்டே இருக்க, அவள் அப்படியே நின்றுவிட்டாள். "எப்ப இருந்து கேக்கலை?" என்றாள். ஒன்றரை வருஷமாக என்றேன். "போன மழைக்காலத்துல?" என்றாள். அப்போதும் கேட்டிருக்காது என்றேன். தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எழுதச் சொன்னதும் அவள்தான். "நீங்க ஜன்னல்கிட்ட உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கிட்டிருந்தீங்க. எனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. முகத்தைப் பார்த்துச் சொல்ல வெக்கம், அதனால முதுகைப் பார்த்துச் சொன்னேன். சொல்லி முடிச்சுட்டு தோள்ல கை வெச்சேன். நீங்க திரும்பாம தலையை ஆட்டினீங்க. ஒரு கேள்வி இல்லை, ஒரு கோபம் இல்லை. எப்பேர்ப்பட்ட மனுஷன்னு நினைச்சேன். அன்னைலேருந்து அந்த ஒரு தலையாட்டலை வெச்சுத்தான் உங்க முகத்தைப் பார்த்துக்கிட்டிருக்கேன். இப்ப நீங்க எதையும் கேக்கவே இல்லைன்னு அக்கா சொல்றாங்க."

என்ன விஷயம் என்று அவள் என்னிடம் சொல்லவில்லை. என் பாழாய்ப்போன மூளை தானாகவே இரண்டு மூன்று பதிலை எடுத்து நீட்டியது. சீ என்று துரத்திவிட்டேன். உங்களுக்குப் புரிகிறதா மாப்பிள்ளை? நீங்கள் வேறொருத்தியிடம் போயிருந்தால்கூட அவள் இவ்வளவு ஒடிந்திருக்கமாட்டாள். கிடைத்துவிட்டது என்று அவள் நினைத்திருந்த மன்னிப்பு கிடைக்கவே இல்லை. அதையும் நான்தான் தோண்டி எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறாள். தங்குவதற்கு இல்லை, பேசுவதற்கு. கதவைத் திறந்து வையுங்கள். வெளிச்சம் அவள் முகத்தில் விழுகிற மாதிரி நாற்காலியைப் போடுங்கள்.

அக்கா

6 ஏப்ரல்

அக்காவுக்கு,

வந்தாள். நீங்கள் சொன்னபடி நாற்காலியைப் போட்டிருந்தேன். டிவியை அணைத்துத் துணி போட்டு மூடியிருந்தேன். அது எதற்கு என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.

காபி வேண்டாம் என்றாள். தண்ணீர் குடித்தாள். மழைக்காலத்தில் என்ன சொன்னாய் என்று நானே கேட்டேன். அவள் குனிந்துகொண்டாள். நிமிர்ந்து உட்காரச் சொன்னேன். சொல்ல ஆரம்பித்தாள். நடுவில் குரல் உடைந்து என் கன்னத்தில் கை வைத்தாள் அக்கா. காதுப் பக்கம் கை வந்தால் இந்தக் கருவி கூவும். பெரிதாகக் கூவியது. அவள் உதடு அசைகிறது, எனக்குக் கூவல்தான் கேட்கிறது. முக்கியமான இடம் அத்தனையும் போய்விட்டது.

முடித்துவிட்டு என் கண்ணையே பார்த்தாள். சும்மா இருந்தால் போதும், நான் கேட்டுவிட்டேன் என்று அவள் நினைத்துக்கொள்வாள். அவ்வளவு கஷ்டப்பட்டுச் சொன்னவளை மறுபடி சொல்லச் சொல்வது எப்படி? ஒன்றரை வருஷத்தில் ஒரு மனிதரிடமும் அதை நான் கேட்டதில்லை. அதற்கு வெட்கப்பட்டுத்தான் இத்தனையும் நடந்தது.

"கேக்கலை. திரும்பச் சொல்லு" என்றேன்.

அவள் முகம் போன போக்கைப் பார்த்து, அடிக்கப்போகிறாள், எழுந்து போகப்போகிறாள் என்று நினைத்தேன். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மூக்கைத் துடைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாக, சத்தமாகச் சொன்னாள். ஜன்னல் திறந்திருந்தது. மாடி வீட்டில் துணி துவைக்கிற சத்தம் நின்றுவிட்டது. அவள் நிறுத்தவில்லை.

முழுவதும் கேட்டது அக்கா. என்ன என்று உங்களுக்கு எழுதமாட்டேன். நான் ஒரு பதில் சொன்னேன்.

அதை அவள் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

மாப்பிள்ளை